நீலகவசனின் இடைவேளை

பிரபஞ்சம் வெள்ளிக்கிழமை முடிவதாக இருந்தது. திருப்பதி பைபாஸ் முழுக்கத் தட்டி வைத்துச் சொல்லியிருந்தார்கள். எந்தப் பிரபஞ்சம் என்பதைக் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்ததால், காலையில் பால் வாங்க வந்த சில பெரியவர்கள் கொஞ்சம் கலங்கிப் போனார்கள். சினிமாதான் என்று தெரிந்ததும் பாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

பதினொரு படங்களாக வளர்ந்த பிரபஞ்சம் அது. பறக்கிறவர்கள், சுருங்குகிறவர்கள், கல்லாக மாறுகிறவர்கள் என்று அதில் ஒரு பெருங்கூட்டம். அவர்களுக்கெல்லாம் தலைவன் நீலகவசன். பன்னிரண்டாவது படத்தோடு எல்லாக் கணக்கும் தீர்கிறது. அதில் நீலகவசன் சாவானா, பிழைப்பானா என்பதுதான் அந்த மே மாதத்தில் நாட்டின் முன்னால் நின்ற கேள்வி. மழை வருமா, மாங்காய்க்கு விலை கிடைக்குமா என்ற கேள்விகளும் சித்தூர் ஜில்லாவில் இருக்கத்தான் செய்தன. அவற்றுக்கு டிரெய்லர் கிடையாது.

இந்தக் கேள்வியைக் கட்டிக் காப்பதற்கென்றே படக் கம்பெனி ஒரு துறை வைத்திருந்தது. முடிவுப் பாதுகாப்புத் துறை என்று பெயர். வட்டார அலுவலகம் சித்தூரில். முதல் மூன்று நாட்களுக்குத் தியேட்டர் வளாகத்தில் செத்தான், இறந்தான், போய்ச் சேர்ந்தான், பிழைத்தான் ஆகிய சொற்களை யாரும் பேசக் கூடாது. தெலுங்குச் சொற்களுக்குத் தனியாகத் தடை. படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் முகத்தை நடுநிலையாக வைத்துக்கொண்டு முன்வாசல் வழியே போகலாம். அழுகிறவர்களும் சிரிக்கிறவர்களும் பின்வாசல். எதிரே ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்தவர், மூன்று நாட்களுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார். அந்த மூன்று நாட்களில் ஊரில் நிஜமாகவே செத்தவர்களும் உண்டு. அவர்கள் வீட்டார் பேனருக்கு ரேணிகுண்டா வரை போய் வந்தார்கள்.

தியேட்டர் வாசலில் ஒரு சிம்மாசனம் போட்டு அதில் நீலகவசனை உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே இருந்தது முரளி. அரியலூர்ப் பக்கத்துக்காரன். ஸ்ரீசிட்டி கம்பெனி ஒன்றில் இருந்த ஒப்பந்த வேலை முடிந்துபோக, பெண்டாட்டியோடு திருப்பதிக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பெண்டாட்டி தேன்மொழிக்குப் பேருந்து நிலையத்தை ஒட்டிய லாட்ஜில் அறை சுத்தம் செய்கிற வேலை. முரளிக்குக் கிடைத்தது இந்தப் பதவி. ஆள் உயரமாக இருக்க வேண்டும், பேசக் கூடாது என்பதுதான் தகுதி. தெலுங்கு தெரியாதவன் என்பதால் இரண்டாவது தகுதி அவனுக்கு இயல்பாகவே இருந்தது.

கவசம் வெளிநாட்டில் செய்தது. கைக்கும் காலுக்கும் உடம்புக்கும் சேர்த்து ஒரே கூடு. முகமூடியில் கண்ணுக்குக் கருப்புக் கண்ணாடி உண்டு, வாய் கிடையாது. நீலகவசன் சாப்பிட்டு எந்தப் படத்திலும் யாரும் பார்த்ததில்லை. கழுத்து வளையத்தில் ஒரு பூட்டு. வேறொரு ஊரில் நீலகவசன் முகமூடியைக் கழற்றி பீடி பிடித்ததைப் பார்த்து ஒரு குழந்தை இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு. சாவி தினமும் ராத்திரி சித்தூரிலிருந்து காரில் வரும். முரளியை வெளியே எடுத்த பிறகு காரிலேயே திரும்பிப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேன்மொழிக்கு ஃபோன் வந்தது. பேசியவருக்குத் தமிழ் அரைகுறை.

"உங்க ஹஸ்பண்டு இடைவேளைல இருக்காரு மேடம். கொஞ்சம் வந்து பாருங்க."

"இடைவேளைன்னா? சாப்பிடப் போயிருக்காரா?"

"அதெல்லாம் இல்ல. பெரிய இடைவேளை. ஃபோன்ல சொல்லக் கூடாது."

தேன்மொழிக்குப் புரியவில்லை. புரியாதது நல்லதாக இருக்காது என்பது மட்டும் தெரிந்துவிட்டது. அவளோடு வேலை செய்கிற கமலம்மா கையிலிருந்த விரிப்பைக் கீழே போட்டாள். கமலம்மாவுக்குப் பாகாலா பக்கம் ஊர். தமிழும் தெலுங்கும் ஒரே மூச்சில் பேசுவாள்.

"இன்னாமே சொல்றாங்கோ?"

"இடைவேளைங்கறாங்கக்கா."

"அய்ய, ஆளுக்கு எங்கமே இடைவேளை வரும்? கெளம்பு, நானும் வரேன்."

தியேட்டர் வாசலில் இருவரையும் நிறுத்தி, நீலகவசனின் கேடயத்தின் மேல் கை வைத்து உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். உள்ளே காண்பதை வெளியே சொல்ல மாட்டேன், முகத்தாலும் சொல்ல மாட்டேன் என்று அதில் வந்தது. தேன்மொழி எடுத்தாள். சிம்மாசனம் காலியாக இருந்தது. அதற்குக் குறுக்கே 'விரைவில் வருகிறார்' என்று பலகை வைத்திருந்தார்கள்.

முரளியை ஐஸ்கிரீம் வைக்கிற குளிர் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். படுக்க வைக்கவில்லை, ஏனென்றால் நீலகவசன் படுக்க மாட்டான். சுற்றிலும் அட்டைப் பெட்டிகள். தேன்மொழி முழங்காலிட்டு அவன் கையைப் பிடித்தாள். பிளாஸ்டிக்தான் கைக்குக் கிடைத்தது. "என்னங்க, நான்தான்" என்றாள். முகமூடியின் கருப்புக் கண்ணாடியில் அவள் முகம்தான் தெரிந்தது.

தளப் பொறுப்பாளர் பவன்குமார் நல்ல மனிதர். வருத்தமாகத்தான் தெலுங்கில் சொன்னார். கமலம்மா தமிழாக்கினாள்.

"காலைலேந்து வெய்யில்ல ஒக்காந்துக்கினே இருந்தாராம். ஜனமெல்லாம் பக்கத்துல நின்னு போட்டோ எட்துக்கினே இருந்திச்சாம். இன்னிக்கிதான் ஆடாம அசையாம கரெக்டா போஸ் குடுத்தாருன்னு சொல்றாரு. ஒரு கொழந்தை, அங்கிள் கை குடுக்கலன்னு அழுதப்றம்தான் இவங்களுக்குத் தெரிஞ்சிதாம்."

டாக்டர் ஒருவர் வந்து பார்த்திருந்தார். கவசத்தின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இந்தக் கவசத்துக்குள் யார் இருந்தாலும், உயிரோடு இருந்தாலும்கூட ஒன்றும் கேட்காது, திறந்து பார்க்காமல் எதுவும் எழுதித் தர முடியாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். திறக்கச் சாவி வேண்டும். ராத்திரிக்கு முன்னால் சாவி வர வேண்டுமானால் உயிராபத்து என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். ஆம்புலன்ஸ்காரர் கத்தரியை எடுத்திருக்கிறார். கவசத்தை வெட்டுவது காப்பிரைட் குற்றம் என்று அவரையும் அனுப்பிவிட்டார்கள். ஆகவே முரளி அப்போதைக்குச் சட்டப்படி உயிரோடு இருந்தான்.

"எனக்கு அவரு மூஞ்சியப் பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம்" என்றாள் தேன்மொழி.

அது மட்டும் முடியாது என்றார்கள். குழந்தைகள் இருக்கிற இடம்.

அவள் எழுந்து முன்மண்டபத்துக்கு ஓடினாள். அங்கே மாலைக் காட்சிக்கு முன்கூட்டியே வந்து நின்ற கூட்டம். முகத்தில் நீலம் பூசியவர்கள், நீலத் துண்டு கட்டியவர்கள். "செத்துட்டாருய்யா" என்று தேன்மொழி கத்தினாள். "உள்ள செத்துட்டாரு. கவசத்தோட வெச்சிருக்காங்க. யாராச்சும் வந்து தொறங்கய்யா."

 நீல முகத்து இளைஞன் ஒருவன் சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தான். அவன் காளஹஸ்தியிலிருந்து இதற்கென்று வந்தவன். "இன்னும் நாங்க பாக்கவே இல்லியேக்கா. உனுக்கு நாங்க இன்னா கெடுதல் பண்ணோம்?" என்று கேட்டான். பலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். டிக்கெட் காசைத் திருப்பிக் கொடு என்று பின்னாலிருந்து குரல் வந்தது. உள்ளே செத்தது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. காவலர்கள் தேன்மொழியின் முகத்தைப் பார்த்தார்கள். அது நடுநிலையாக இல்லை. விதிப்படி பின்வாசல் வழியே வெளியே விட்டார்கள்.

"சாவி சித்தூர்லதானே இருக்குது? நாமளே போயி எட்தாரலாம் வா" என்றாள் கமலம்மா.

பஸ்ஸில் தேன்மொழி ஜன்னலில் தலையை வைத்து அழுதுகொண்டே வந்தாள். சந்திரகிரி தாண்டியதும் முன்சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். நல்ல மனசுக்காரி, தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"படம் பாத்துட்டு வரீங்களாக்கா?"

தேன்மொழி இல்லை என்று தலையாட்டுவதற்குள் அவள் பதறி, "வேணாம் வேணாம், சொல்லிடாதீங்கோ. நாங்க புதங்கெழமைக்கு புக் பண்ணிக்கிறோம்" என்று காதில் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டாள். பாகாலா வரைக்கும் அதை அவள் எடுக்கவில்லை.

முடிவுப் பாதுகாப்புத் துறையின் வட்டார அதிகாரி ஹரிபாபு சித்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் நன்றாக வரும். குளிர்சாதன அறையில் இரண்டு பேரையும் உட்கார வைத்து, மோர் வரவழைத்துக் கொடுத்து, ஐந்து நிமிடம் பேசினார். அவருக்குப் பின்னால் சுவரில் நீலகவசன் வாயில்லாமல் நின்றிருந்தான்.

"மொதல்ல உங்களுக்கு என் ஆழ்ந்த... அது ஞாயித்துக்கெழம சொல்லக் கூடாத வார்த்தை. நாளைக்கு சொல்றேன், இப்போ சொன்னதாவே வெச்சுக்குங்கம்மா. நானும் மனுசன்தான். ஆனா நீங்க ஒண்ணு யோசிக்கணும். கோடிக்கணக்கான ஜனம் பன்னெண்டு வருசமா ஒரு ஆளு மேல உயிரையே வெச்சிருக்குது. அந்த ஆளு உசுருக்கு நான் பொறுப்பு. இந்த மூணு நாளா நான் சரியா தூங்கல. சோறு எறங்கல. ஒரு உயிர காப்பாத்தறது எவ்ளோ கஷ்டம்னு வெளில இருக்கிறவங்களுக்குத் தெரியாது."

"இவ வூட்டுக்காரரு..." என்று ஆரம்பித்தாள் கமலம்மா.

"வரேன், அதுக்குதான் வரேன். இவங்க தியேட்டர்ல நின்னு அந்த வார்த்தைய சொல்லிட்டாங்க. மூணு வீடியோ சுத்துதும்மா. நீலகவசன் காலின்னு ஊரே பேசுது. ரகசியத்த வெளிய விட்டிருந்தாக்கூட நான் மன்னிப்பேன், நெசத்ததானே சொன்னாங்கன்னு. இது பொய்யிம்மா. நீலகவசன் கடைசில பொழச்சுக்கறான்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். முகம் வெளுத்துவிட்டது. கேடயத்தின் சின்ன மாதிரி ஒன்றை மேசை டிராயரிலிருந்து எடுத்து இரண்டு பேர் முன்னாலும் நீட்டினார். "ரெண்டு பேரும் கைய வெச்சு சத்தியம் பண்ணிடுங்க. என் வேல போயிடும். எனக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்க." கமலம்மா வைத்தாள். தேன்மொழியின் கையைக் கமலம்மாதான் எடுத்து வைத்தாள்.

"சாவி குடுங்க சார். அவரு மூஞ்சியப் பாத்துட்டுப் போயிடறேன்" என்றாள் தேன்மொழி.

"குடுக்கறேன். அதுக்கு முந்தி கம்பெனி பக்கமும் நீங்க பாத்துடணும். நாளைக்கு யாராச்சும் உங்கள ஏத்தி விடுவாங்க. மனிதாபிமானம் இல்லன்னு பேசுவாங்க." ஹரிபாபு கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "பாருங்கம்மா. இன்னிக்கி காலைல எடுத்தது. சவுண்டோட இருக்குது."

திரையில் சிம்மாசனம். நீலகவசன் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்து, ஒரு கையைத் தலைக்குக் கொண்டு போகிறான். பவன்குமார் வந்து குனிகிறார். அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

"செலவு காவாலா?"

முகமூடிக்குள்ளிருந்து கிணற்றுக்குள் பேசுவது மாதிரி முரளியின் குரல் வந்தது. "வேணாம் சார்."

"செப்பு, செலவு காவாலா?"

"செலவெல்லாம் எதுக்கு சார்? வேல முடியட்டும், மொத்தமா வாங்கிக்கறேன்."

மூன்றாம் தடவையும் பவன்குமார் கேட்கிறார், சத்தமாக. நீலகவசன் கையை அசைத்து மறுத்துவிட்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு நேராக உட்காருகிறான். பவன்குமார் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போகிறார்.

"பாத்தீங்களா" என்றார் ஹரிபாபு. "மூணு வாட்டி கேட்டிருக்கோம். எந்தக் கம்பெனில கேப்பாங்க? கவசத்துல இருக்கறப்போ பேசறது தப்பு. அந்தத் தப்பைக்கூட நாங்க கண்டுக்கல."

வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. குடும்பம் குடும்பமாக வந்து நீலகவசன் பக்கத்தில் நின்று சிரித்துவிட்டுப் போனார்கள். ஒருவர் தன் குழந்தையை அவன் மடியில் வைத்து எடுத்தார். இதற்குள் எந்த இடத்தில் அவன் போனான் என்று திரையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியவில்லை. தேன்மொழி கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"செலவுக்குக் கை நீட்ட மாட்டாருக்கா" என்றாள் கமலம்மாவிடம். "ஸ்ரீசிட்டிலயும் அப்படித்தான். முன்கூட்டி வாங்குனா மரியாதை போயிடும்பாரு. ஆனா மயக்கமா இருக்கறவர்கிட்டப் போயி எதுக்குக்கா காசு வேணுமான்னு கேக்கறாரு?"

 கமலம்மாவுக்கு வீடியோவில் முதல் கேள்வியிலேயே விளங்கியிருந்தது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று கூட நினைத்தாள்.

"அவுரு காச கேக்கலமே. தெலுங்குல செலவுன்னா லீவு. லீவு வோணுமா, வூட்டுக்குப் போறியான்னு கேட்டுக்கினு இருக்காரு. மூணு வாட்டியும் அதான்."

தேன்மொழி திரையைப் பார்த்தாள், கமலம்மாவைப் பார்த்தாள். அவள் வாய் அந்தச் சொல்லைச் சத்தமில்லாமல் ஒரு தடவை சொல்லிப் பார்த்தது. பிறகு மேசை விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டு அவள் அழுத அழுகைக்கு அந்தத் துறையில் வாசல் எதுவும் ஒதுக்கியிருக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னது அவன் வாய்தான். தமிழிலேயே அழகாகச் சொல்லியிருந்தான். அதுதான் தாங்கவில்லை.

"மொழிப் பிரச்சினைக்குக் கம்பெனி பொறுப்பாக முடியாதும்மா" என்றார் ஹரிபாபு, உண்மையான வருத்தத்தோடு. "நாங்க படத்தையே நாலு மொழில குடுக்கறோம்."

ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டார். ஆள் அசையவில்லை என்பது வீடியோவில் தெரிவதால் உயிராபத்து என்று எடுத்துக்கொள்ள விதியில் இடம் இருக்கிறதாம். காரும் கொடுத்தார். சாவி பஸ்ஸில் போகக் கூடாது.

பொழுது சாய்கிற நேரத்துக்குக் குளிர் அறையில் பூட்டைத் திறந்தார்கள். முகமூடி சுலபமாகத்தான் வந்தது. முரளியின் முகம் தண்ணீரில் கிடந்தது போல ஊறி வெளுத்திருந்தது. உதடு வெடித்திருந்தது. தேன்மொழி முந்தானையால் துடைத்தாள். வேறு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள் அல்லவா, அவ்வளவுதான் கொடுத்தார்கள். டாக்டர் வந்து பார்த்து, எழுத வேண்டியதை எழுதி, யாருக்கும் காட்டாமல் மடித்துக் கொடுத்தார். வைகுண்ட ரதம் என்று பெயர் எழுதிய பிண வண்டி பின்வாசலில் பெயரைத் துணியால் மூடிக்கொண்டு நின்றது. கமலம்மா வண்டிக்காரரோடு தெலுங்கில் பேசி, அரியலூர் வரைக்கும் வர அவரைச் சம்மதிக்க வைத்தாள்.

முரளியை வண்டியில் ஏற்றும்போதே, குளிர் அறைக்குள் கவசத்தை உள்பக்கம் தெரியத் திறந்து போட்டு மின்விசிறி வைத்துவிட்டார்கள். மாலைக் காட்சிக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. சிம்மாசனத்தை எவ்வளவு நேரம் காலியாக வைக்க முடியும்?

"ஏறுமே, நேரமாவுது" என்றாள் கமலம்மா.

தேன்மொழி ஏறவில்லை. இரு என்று கையைக் காட்டிவிட்டு, தியேட்டரைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு நடந்தாள். முகத்தை நன்றாகத் துடைத்து வைத்துக்கொண்டாள். காவலர்கள் பார்த்தார்கள். நடுநிலையாக இருந்தது, விட்டுவிட்டார்கள். சிம்மாசனத்துக்கு முன்னால் போட்டோவுக்கு வரிசை நின்றது. அவளும் நின்றாள். முறை வந்ததும் போய் நீலகவசன் பக்கத்தில் நின்றாள். கவசம் இன்னும் சரியாகக் காயவில்லை. கழுத்து வளையத்தில் பூட்டு தொங்கியது.

"உங்களுக்குத் தெலுங்கு தெரியுமாங்க?" என்று மெல்லக் கேட்டாள்.

நீலகவசன் அசையவில்லை. கொஞ்சம் பொறுத்து, உள்ளேயிருந்து மூச்சோடு மூச்சாக ஒரு குரல் வந்தது. "தெரியாதுக்கா. எனக்கு விருத்தாசலம் பக்கம். பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"நீங்க பேச வேணாம், கேட்டுக்கங்க. அவங்க வந்து செலவு காவாலான்னு கேட்டா, வேணும்னு சொல்லிடுங்க. அது காசு இல்ல, லீவு. எத்தன வாட்டி கேட்டாலும் வேணும்னு சொல்லுங்க."

போட்டோ எடுக்கிறவர் தெலுங்கில் அவளைக் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்.